புள்ளி விழாத விசை

ஐந்து வருடம், என்றான் சுதேஸ்கரன்.
நல்லாப் பாவிச்சால் ஆறு.
கிளிநொச்சியில் அவன் கடை மேசையில்
என் லப்டொப் மல்லாந்து கிடந்தது,
அதன் திருகாணியெல்லாம் ஒரு யோகட் கப்பில்.
"இது எத்தனை, அக்கா?"
பதினொன்று என்றேன்.
திருகாணியைச் சொல்கிறேன் என்று நினைத்து
எண்ணிப் பார்த்துத் தலையாட்டினான்.

காற்றாடிக்குள்ளிருந்து சுரண்டி எடுத்தான்
ஒரு தேக்கரண்டி செம்புழுதி.
தார் விழுவதற்கு முந்தின மாங்குளத்து ஒழுங்கை
முழுதாய் அதற்குள்தான் இருந்திருக்கிறது.
ஊதினான். தும்மினான்.

பற்றரி செத்து எட்டு வருடம்.
கரண்ட் போனால் அதுவும் போகும்,
பாதி அடித்த கடிதத்தோடு.
வரிக்கு வரி சேமிக்கப் பழகின விரல் இது.
வேறெதிலும் அந்தப் புத்தி எனக்கு வந்ததில்லை,
சீட்டுக்காசிலும்தான்.
பிணைச்சல் உடைந்தபோது
சைக்கிள் ரியூப் வெட்டிக் கட்டினேன்.
திரையின் வலது மூலையில் கறுப்புப் படர்ந்தது.
கடிதத்தில் திகதி வரும் இடம்.
திகதிகளைக் குருட்டாம்போக்கில் அடித்தேன்.

"போர்ட் மாத்த நாப்பத்தஞ்சு.
பாவிச்சது ஒண்டு, நல்லது, எண்பதுக்கு இருக்கு.
திருத்திற காசு வாங்கிற காசின்ர பாதியைத் தாண்டினால்
திருத்தாதேங்கோ.
கடைக்காரன் நான் சொல்லக்கூடாது, எண்டாலும்."

நான் வந்தது அதற்கில்லை.
ஒரு விசைக்கு.

பாமினியில் அடிக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்,
முதலில் தேய்வது அகரமில்லை, ககரமுமில்லை.
வலது சின்னவிரலுக்குக் கீழே கிடக்கிற புள்ளி.
அம்மா, மண், வயல், இல்லை:
ஒரு சொல்லும் அது இல்லாமல் நிமிராது.
என்னுடையதில்
இரண்டு தரம் அமத்தினால் ஒரு தரம் விழும்.
கோபம் வந்தால் மூன்று விழும்.

மாசியில் அம்பகாமத்திலிருந்து
தில்லையம்பலம் வந்தார், காணிப் பெயர்மாற்றத்துக்கு.
கடையில் சனம். வாசித்துப் பாராமல் கொடுத்துவிட்டேன்.
ஒட்டுசுட்டானில் கந்தோர்ப் பிள்ளை
அடையாள அட்டையையும் கடிதத்தையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து
"இது வேற ஆளெல்லோ" என்றிருக்கிறாள்.
கடிதத்தில் அவர் திலலையம்பலம.
மூன்று புள்ளியில் ஒன்றுதான் ஒட்டியிருந்தது.

அடுத்த நாள் வந்தார்.
ஏசவில்லை.
"பிள்ளை, இன்னொருக்கா அடிச்சுத் தாங்கோ" என்று
அடிகூலியையும் நீட்டினார்.
பஸ்ஸுக்குப் போக வர எவ்வளவு என்று கேட்டேன்.
சொன்னார்.
அருவி வெட்டுக்குப் போகாமல் விட்ட
இரண்டு நாள் கூலியைச் சொல்லவில்லை.

சுதேஸ்கரா,
உன் ஐந்தும் ஆறும் சரியாகத்தான் இருக்கும்.
திறக்கப் பத்து நிமிடம், மடியைச் சுடுகிற சூடு,
இரைச்சல், இவையெல்லாம் என் பாடு.
தேத்தண்ணி வைத்துவிட்டு வந்து பார்க்கலாம்.
அதன் பிழைக்கு
இன்னொருவர் பஸ் காசு கொடுத்தாரே,
அன்றைக்கே அதன் காலம் முடிந்தது.
எட்டு மாதம் பிந்தி
ஐப்பசி மழையில் நனைந்து வந்து நிற்கிறேன்,
விசை ஒன்று கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு.

எண்பதை மூன்றாய்ப் பிரித்துத் தரச் சம்மதித்தான்.
வவுனியா பஸ்ஸில் இரண்டும் என் மடியில்.
புதியதன் விசைகள் தொட்டாலே போதும்.
புள்ளி விழுகிற சத்தம்கூட இல்லை,
ஏதோ களவாய்ச் செய்கிற மாதிரி.

ஆனால் என் பிரிண்டருக்கு அதைத் தெரியவில்லை.
எவ்வளவு சொல்லியும் தெரியவில்லை.
அதனால் பழையது இப்போது மேசைக்குக் கீழே,
அச்சடிக்க மட்டும்.
பென் ட்ரைவில் கடிதத்தைக் கொண்டுபோய் அதற்குக் கொடுக்கிறேன்.
திறக்க அதே பத்து நிமிடம்.
வாங்கிலில் இருக்கிறவர்கள் மழையைப் பார்க்கிறார்கள்.
நான் அதற்குள்
பெயர்களை ஒவ்வொன்றாய்
வாய்விட்டு வாசித்து முடிக்கிறேன்.